பச்சைத் திரையும் கடைசிப் பாட்டும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம், கடைக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்ட வரும் பம்புசெட் மோட்டார்களின் மேல் சாக்பீஸால் ஊர்ப்பெயர் எழுதி வைத்ததுதான். பேச்சிலும் கெட்டிக்காரன் இல்லை. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் 'இறங்கணும்' என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து திரும்பியவன். அப்படிப்பட்டவன் தன்னைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். ஒரு காலத்தில் எங்கள் பாட்டு ஒன்று தஞ்சாவூரிலிருந்து நாகூர் வரைக்கும் டீக்கடைக்கு டீக்கடை கேட்டது. பாடிய பெண் யார் என்று ஊர் ஊராகத் தேடினார்கள். பெண்ணே கிடையாது. பாடியவன் நான். அது வெளியே தெரியாததால், எங்கள் பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோக இருந்தது. அந்தக் கதை இது. யார் பெயரையும் எழுதவில்லை. எல்லோரும் பிள்ளை குட்டிகளோடு இதே பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

நாங்கள் நாலு பேர். நீடாமங்கலம் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாயின் மகன் ஒருவன். வளைகுடாவில் வேலை பார்த்த அவன் அண்ணன் ஒரு சின்னக் கீபோர்டும், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன்னும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். குழு அதிலிருந்துதான் பிறந்தது. லுத்தரன் சபை உபதேசியாரின் மகன் கிடார். அவன்தான் அறிவிப்பும் செய்வான். காலனியிலிருந்து வந்தவன் தபேலாவும் காங்கோவும். அவன் அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் பண்ணையில் வயல் வேலை செய்தவர்கள், விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர்கள். நாலாவது ஆள் நான். குத்தகை விவசாயியின் மகன். மோட்டார் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன்.

எனக்கு மீசை முளைத்தது, குரல் மட்டும் உடையவில்லை. பேசினால் கொஞ்சம் மெல்லிசாக இருக்கும், அவ்வளவுதான். பாடினால் பெண் குரல். யாரையும் பார்த்து நடித்தது அல்ல, அப்படித்தான் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்களுக்குப் பெண் பாடகி கிடைப்பது குதிரைக்கொம்பு. எந்த வீட்டில் அனுப்புவார்கள்? அதனால் பெண் குரலில் பாடுகிற ஆணுக்கு மதிப்பு உண்டு. குரலைப் பற்றி எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. கூச்சமெல்லாம் முகத்தைப் பற்றித்தான்.

முதல் கச்சேரி, கீபோர்டுக்காரனின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மைக் முன்னால் போய் நின்றேன். வரிசையாக நாற்காலிகளில் ஜனங்கள். வாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை. கீபோர்டுக்காரன் ஓடிப்போய் பெண்கள் பந்திக்கு மறைப்பாகக் கட்டியிருந்த திரையில் பாதியை அவிழ்த்து வந்து மேடையின் ஓரத்தில் கட்டினான். பச்சைத் துணி, வெள்ளைப் பூ. ஒரு மூலையில் பெட்ரோமாக்ஸ் சுட்ட கறுப்பு வட்டம். அதற்குப் பின்னால் போய் நின்றதும் பாட்டு தானாக வந்தது. அன்றிலிருந்து தபேலா உறை, கிடார் உறை போல அந்தத் திரையும் எங்கள் சாமான்களில் ஒன்றானது. அது பாய் வீட்டிலிருந்து அந்தக் கல்யாணத்துக்கு இரவல் போயிருந்த திரை. அதை நாங்கள் யோசித்துப் பார்க்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. அந்த ஊரில் பாய் வீட்டு விருந்து சாப்பிடாதவர்கள் குறைவு. அந்தப் பச்சைத் திரையைத் தெரியாதவர்களும் குறைவு.

எங்களுக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று கிடார்க்காரன் எழுதினான். நடவு வயலில் நிற்கும் ஒரு பெண். அவளுக்கு வேண்டியவன் சாயங்கால ரயிலில் வருகிறான். எப்போது வேலை விடுவார்கள் என்று காரியக்காரரைக் கேட்கிறாள். பண்ணை வேலையை மேற்பார்வை பார்க்கிறவரை எங்கள் பக்கத்தில் காரியக்காரர் என்போம்.

பொழுது சாயலையா – ஐயா
பொழுது சாயலையா
ஆறு மணி ரயிலு வந்தா
ஆருக்காக நிக்குமோ

சபைப் பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, டூ-இன்-ஒன்னில் பதிவு செய்தோம். கூர்ந்து கேட்டால் நடுவில் ஒரு எருமை கத்துவதும் கேட்கும். அந்தப் பிரதியைக் கடைத்தெருவில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவரிடம் கொடுத்தோம். அவர் கடைக்கு வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டுகளைச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போவார்கள். எப்படிப் பதிந்தாலும் கேசட்டின் கடைசியில் கொஞ்சம் டேப் மிஞ்சும். வெறுமையாக விட்டால், ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் மிச்ச டேப்பில் எதையாவது போட்டு நிரப்புவது அவர் வழக்கம். எங்கள் பாட்டின் நீளம் அதற்குச் சரியாக இருந்தது.

"உங்க பாட்டு நல்ல பாட்டா கெட்ட பாட்டான்னு எனக்குத் தெரியாது தம்பி. அளவான பாட்டு" என்றார்.

அப்படித்தான் வலங்கைமான் பஸ்ஸிலும், மைக் செட்காரர்களின் பெட்டியிலும், சலூனிலும், டிராக்டரிலும் எல்லாக் கேசட்டுகளின் கடைசியிலும் நாங்கள் போய் உட்கார்ந்தோம். பெயர் கிடையாது. ஜனங்கள் 'கடைசிப் பாட்டு' என்றார்கள். கொஞ்ச நாளில் கடைசிப் பாட்டுக்காக முன்னால் இருக்கும் பாட்டுகளை ஓட்டிவிட ஆரம்பித்தார்கள்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் நிலைமை சரியில்லை. குறுவை அறுப்புக்கு நின்றது. கூலி பேசி முடியவில்லை. பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கப் போவதாகவும், சங்கம் மறிக்கப் போவதாகவும் பேச்சு. தெருமுனையில் போலீஸ் வேன் நின்றது. தாசில்தார் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். இந்த நேரத்தில் நான் பஸ்ஸில் போகும்போது ஒரு காட்சி பார்த்தேன். சூரியன் இறங்கிவிட்டது. சம்பா நடவு வயலில் பெண்கள் இன்னும் குனிந்திருக்கிறார்கள். காரியக்காரர் குடையோடு வரப்பில் நிற்கிறார். ஒரு பெண் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துப் பாடினாள்: "பொழுது சாயலையா, ஐயா." வயல் முழுக்க எடுத்துப் பாடியது. காரியக்காரர் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். பிறகு கையை ஆட்டி அவர்களைக் கரையேறச் சொன்னார். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர், "கேசட்டுல பாடுனது யாருன்னு தெரியல, ஆனா காலனிப் பொண்ணுதான், சந்தேகமே இல்ல" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு மனசு குளிர்ந்தது.

பாட்டு எங்களுடையது என்று எப்படியோ வெளியே வந்தது. பிறகு நிம்மதி போயிற்று. உபதேசியார் மகன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆர்மோனியத்தில் உட்கார்ந்தால், கீர்த்தனை முடிந்ததும் பின் வரிசையில் விசில் அடித்தார்கள். உபதேசியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு மகனை முறைத்தார். காங்கோக்காரன் வாய்க்கால் வெட்டப் போன இடத்தில் மண்வெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, பானையைக் கவிழ்த்துத் தட்டச் சொன்னார்கள். ஒரு கட்சிக்காரர்கள், "சூரியன் சாயணும்னு பாடுறீங்களாடா, யார் சொல்லிக்கொடுத்தா?" என்று சண்டைக்கு வந்தார்கள். மறுநாளே எதிர்க்கட்சிக்காரர்கள் அதற்காகவே மாலையோடு வந்தார்கள். கிடார்க்காரன் இரண்டு பேரிடமும் "காதல் பாட்டுங்க, வெறும் காதல் பாட்டுங்க" என்று கும்பிட்டான். மாலையை மட்டும் வாங்கிக்கொண்டான்.

எல்லோருக்கும் வேண்டியிருந்தது அந்தப் பெண். எங்கள் அறிவிப்பில் ஒருநாளும் 'பெண்' என்று சொன்னதில்லை. "திரைக்குப் பின்னாலிருந்து உங்கள் அபிமானக் குரல்" என்பான் கிடார்க்காரன். ஜனங்களே மிச்சத்தைச் செய்தார்கள். பண்ணையாரின் மகள் வீட்டுக்குத் தெரியாமல் பாடுகிறாள் என்றார்கள். கண் தெரியாத பெண் என்றார்கள். கடைசியில் யாரோ திரையின் மூலையில் இருந்த பெட்ரோமாக்ஸ் தழும்பைப் பார்த்துவிட்டார்.

"பாய் வீட்டுப் பந்தித் திரையாச்சே இது. அதுக்குப் பின்னால பாய் வீட்டுப் பொண்ணில்லாம வேற யாரு நிப்பா?"

பாய் வீட்டில் ஒரே பெண். கீபோர்டுக்காரனின் தங்கை. அவளுக்குப் பாடவே வராது. "அவ தாலாட்டுப் பாடினா தூங்குற புள்ளையும் எந்திரிச்சிரும்" என்பான் அண்ணன். நாகூரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பேச்சு முடிகிற கட்டம். மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் கடைத்தெருவிலேயே பாத்திரக்கடை வைத்திருந்தார். பேச்சு அவர் காதுக்குப் போனது. நாள் குறிக்க வருகிறோம் என்றவர்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கீபோர்டுக்காரன் பாத்திரக்கடைக்கே போய், பாடுவது ஆண்பிள்ளை என்று சொல்லியிருக்கிறான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் நம்புறேன் தம்பி. நான் நம்பி என்ன? ஊரு நம்பணுமே" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவன் இதை என்னிடம் சொன்னான், அவ்வளவுதான். நீ வெளியே வா என்று கேட்கவில்லை. என் கூச்சம் அவனுக்குத் தெரியும்.

கேட்டது அவன் தங்கை. ஜவுளிக்கடையின் பின்கட்டில் அவன் வீடு. ஒருநாள் ஒத்திகைக்குப் போயிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள்.

"அண்ணே, பாடுறது நீங்க. பேரு எனக்கா?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. நானும் கேக்குறேன். ஆனா எனக்கு அந்த மாப்பிள்ளையப் புடிச்சிருக்குண்ணே. இதப் பெத்த அத்தாகிட்ட சொல்ல முடியாது, அண்ணன்கிட்ட சொல்ல முடியாது, உங்ககிட்ட சொல்றேன். ஒரு தடவ அந்தத் திரைய விட்டு வெளிய வந்தா என்ன, கொறஞ்சா போயிருவீங்க?"

"வர்றேம்மா" என்றேன்.

"எப்ப?"

"அடுத்த கச்சேரியில."

அடுத்த கச்சேரி எது என்பதே அப்போது பெரிய கூத்தாக இருந்தது. எங்கள் தொழிலில் வெற்றிலை பாக்குத் தட்டை வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. குழுவில் ஒருவர்தான் வாங்க வேண்டும். புகழ் வந்த வேகத்தில் ஜனங்கள் யார் வீடு கிட்டே இருக்கிறதோ அங்கே தட்டோடு போய் நின்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பண்ணையார் மகள் கல்யாண வரவேற்புக்குக் காரியக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்தக் குடைக்காரர்தான்.

அம்மா சொன்னாள்: "நிலம் அவுங்களுது. தட்டோட வாசல்ல வந்து நிக்கிறாங்க. வேணாங்க, போயிட்டு வாங்கன்னு சொல்லவாடா? வாங்கி சாமி மாடத்துல வச்சிட்டேன்."

அதே ஞாயிற்றுக்கிழமை, அதே சாயங்காலம், ரயிலடிப் பக்கத்துத் திடலில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கூட்டம். அதற்கான வெற்றிலையைக் காங்கோக்காரனின் அப்பா வாங்கியிருந்தார்.

"ஒரு தட்டத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றான் கிடார்க்காரன்.

"எந்தத் தட்ட? எங்கப்பா பாதி வெத்தலையப் போட்டுத் துப்பியாச்சு" என்றான் காங்கோக்காரன். "போட்ட வெத்தலைய எப்படிடா மாப்ள திருப்பிக் குடுக்குறது?"

"அப்ப சாமி மாடத்துல இருக்கறதக் குடுத்துருவோம்."

"குடுத்துட்டு, அவுங்க இவன் அப்பாவ நிலத்துல எறங்க வேணாம்னு சொல்லிட்டா, நீ வந்து உழுவியா?"

வேறு வழியில்லை. நாலு மணிக்கு வரவேற்பு, பொழுது இறங்கியதும் சங்கம். குறுவை அறுப்புக்கு மறியல் இருக்கும்போது பண்ணை வீட்டில் வாசிக்கலாமா என்று காங்கோக்காரன் சங்கச் செயலாளரிடம் போய்க் கேட்டான். அவர், "கூலிக்கு அடிக்கிற மேளம்தானே, அடிச்சிட்டு வா. கூலியக் கொறைச்சு மட்டும் வாங்கிறாத, நம்ம மானம் போயிரும்" என்றாராம்.

பண்ணை வீட்டு வாசலில் காரியக்காரர் எங்களை நிறுத்தினார். "மேளம் வாசிக்கிற தம்பி மட்டும் பின்பக்கமாச் சுத்தி வரட்டும். தப்பா நெனைக்காதீங்க, வீட்டு வழக்கம்."

கீபோர்டுக்காரன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தான். கிடார்க்காரன் நடந்தான். நானும் நடந்தேன். காரியக்காரர், "நீங்கள்லாம் இப்புடியே வரலாமே" என்று கூடவே வந்தார். "ஒரே சாமான் செட்டுங்க, பிரிஞ்சா வேலை செய்யாது" என்றான் கிடார்க்காரன். நாலு பேரும் மாட்டுக் கொட்டகை வழியாகத்தான் பந்தலுக்குள் வந்தோம்.

வெளியே வருகிறேன் என்று நான் சொல்லியிருந்தது அந்த மேடையில்தான். ஆனால் பந்தலில் பட்டுப் புடவையும் சென்ட் வாசனையுமாக இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் என் கைகளே திரையைக் கட்டிவிட்டன. பாடி முடித்ததும் மணப்பெண் தோழிகளை அனுப்பினாள். "அக்கா, பொண்ணு உங்களப் பாக்கணுங்கறா. வெளிய வாங்கக்கா!" திரையை யாரோ அந்தப் பக்கமிருந்து இழுத்தார்கள். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கிடார்க்காரன் நடுவில் விழுந்து, "அவுங்களுக்குக் காய்ச்சல்ங்க" என்று சமாளித்தான்.

திரையின் ஓரத்து இடுக்கு வழியாக நான் பார்த்தேன். பாயும் விருந்துக்கு வந்திருந்தார். கல்யாண ஜவுளி அவர் கடைதான். பாத்திரக்கடைக்காரரும் வந்திருந்தார். சீர்ப் பாத்திரம் அவர் கடை. அவர்களுக்குப் பின்னால் யாரோ, "பாய் வீட்டுப் பொண்ணு என்ன அமிர்தமாப் பாடுது, வெளிய விடமாட்டேங்கிறாரே" என்று சொன்னது எனக்கே கேட்டது. பாத்திரக்கடைக்காரர் பாயின் முகத்தைப் பார்த்தார். பாய் தன் இலையில் இருந்த லட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாத்திரக்கடைக்காரர் எழுந்து கைகழுவப் போனார்.

அங்கிருந்து திடலுக்குச் சங்கத்துக்காரர்கள் அனுப்பிய டிராக்டர் டிரெய்லரில் போனோம். வாய்க்கால் பாலம் தாண்டியதும் நான் சொன்னேன்:

"இனிமே திரை கட்ட வேணாம்."

கிடார்க்காரன் திரும்பினான். "என்னடா சொல்ற?"

"நான் முன்னால நின்னு பாடுறேன்."

"அங்க எவ்வளவு கூட்டம் தெரியுமா? அத்தனையும் காலனிப் பொண்ணு, எங்க பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டு வந்து உக்காந்திருக்கு. மீசையோட போயி நின்னா கல்லால அடிப்பாங்க. திரை போச்சுன்னா நாமளும் போச்சுடா. அதோட முடிஞ்சுது குழு."

"முடியட்டும்."

"ஏன்டா, பண்ணை வீட்டுல நாப்பது பேர் முன்னால வர முடியல, இங்க ஊரு முன்னால வரப்போறியா?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் வயலில் அந்தப் பாட்டைப் பாடிய பெண்கள் என்னைவிட நன்றாகப் பாடினார்கள். அவர்கள் முன்னால் நிற்க எனக்கு அவ்வளவு பயமாக இல்லை. கீபோர்டுக்காரன் மடியில் இருந்த திரையை மடித்தான். மூலையோடு மூலை சேர்த்து, ஜவுளிக்கடைக்காரன் மகன் மடிக்கிற மாதிரி.

காங்கோக்காரன்தான் பேச்சை முடித்தான். "விடு மாப்ள. திரை இல்லாட்டி மேடைக்குக் காத்தாவது வரும்."

திடலில் முன்னால் முழுக்கப் பெண்கள். நடவுச் சேறு கழுவி, தலைசீவி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் வாசிக்கப் போகிற இடைவேளைக்கு முன்னால் பேசியவர், "அடுத்து நம்ம பாட்டு" என்று சொன்னதும் ஒரே சத்தம். கிடார்க்காரன் மைக்கைப் பிடித்தான். வழக்கமான வாசகத்தில் 'திரைக்குப் பின்னாலிருந்து' வரை வந்து நின்றுவிட்டு, "முன்னாலிருந்து" என்று திருத்திச் சொல்லி நகர்ந்துகொண்டான்.

நான் போய் நின்றேன்.

"பொண்ணு எங்கடா?"

"யாருடி இவன், மைக் செட்டா?"

"ஏ தம்பி, ஓரமா நில்லு, பொண்ணு வரட்டும்!"

நான் காங்கோக்காரனைப் பார்த்துத் தலையாட்டினேன். தாளம் விழுந்தது. "பொழுது சாயலையா" என்று எடுத்தேன். சத்தம் அப்படியே நின்றது. பிறகு எங்கும் சிரிப்பு. இரண்டு பேர் மேடையில் ஏறிப் பின்துணியைத் தூக்கி அங்கே பெண் இருக்கிறாளா என்று தேடினார்கள். முன் வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்து நின்று கத்தினாள்.

"அடியே, டேப்பப் போட்டுட்டு வாயசைக்கிறான்டி! மீசக்காரன் ஏமாத்துறான்!"

"ஆமா ஆமா, டேப்புதான்!"

நான் பாட்டை நிறுத்தினேன். காங்கோவும் கீபோர்டும் நின்றன. வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கில் பேசினேன். என் சொந்தக் குரல் மெல்லிசாகக் கேட்டது.

"டேப்பு இல்லக்கா. நீங்க ஒண்ணு சொல்லுங்க, சேத்துப் பாடுறேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கூட்டம் அவளைப் பார்த்தது. இடுப்பில் குழந்தை நெளிந்துகொண்டிருந்தது.

"எம் புள்ள கரையில கெடந்து பாலுக்கு அழுவுது, அந்தாளு பொழுது சாயலங்கறான். அதச் சேத்துப் பாடு பாப்போம்!"

நான் கவி கட்டுகிறவன் இல்லை. ஆனால் அவள் சொன்னதிலேயே பாட்டு இருந்தது. நான் கொஞ்சம் நீட்டினேன், அவ்வளவுதான்.

கரையில கெடக்கும் புள்ள அழுவுது – ஐயா
பொழுது சாயலையா
பாலு கட்டி மாரு நோவுது – ஐயா
பொழுது சாயலையா

'பாலு கட்டி' என்றதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த 'பொழுது சாயலையா'வை நான் பாடவில்லை. திடல் பாடியது. நான் மைக்கை விட்டு ஒரு அடி தள்ளி நின்று கேட்டேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவிக்கவில்லை. நேராக அவர்களையே பார்த்தேன். மறுபடி எடுத்தபோது என் குரல் அதுவரை போகாத உயரத்துக்குப் போயிற்று. திரைக்குப் பின்னால் நான் பாதிக் குரலில்தான் பாடிக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரிந்தது.

அதே பாட்டை மறுபடியும் மறுபடியும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது எழுந்து ஒரு வரி சொன்னார்கள். குடையைப் பற்றி ஒருத்தி சொன்னது இங்கே எழுத முடியாது. காங்கோக்காரன் சிரிப்பில் தாளம் தப்பினான். அவன் தாளம் தப்பி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

திடலின் ஓரத்தில் டீக்கடை பெஞ்சின் மேல் பாத்திரக்கடைக்காரர் ஏறி நின்றுகொண்டிருந்தார். விருந்து முடிந்து கடைக்குப் போகிற வழியில், என்ன கூட்டம் என்று நின்றிருக்கிறார். நாங்கள் சாமான்களை டிரெய்லரில் ஏற்றும்போது வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தொண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதாப்பா அந்தப் பொண்ணு?" என்று கீபோர்டுக்காரனிடம் கேட்டார்.

"இவன்தான் மாமு."

"மோட்டார் கடையில இருக்குமே, வாயத் திறக்காத புள்ள, அதுவா?"

"அதுவேதான்."

பின்னால் நின்ற கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, "ஆம்பளைதாங்க! நானே கிட்ட நின்னு பாத்துட்டேன், ஆம்பளைதான்!" என்றார். யாரோ, "நல்லாப் பாத்தீங்களா பாய்?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு கீபோர்டுக்காரன் கையில் இருந்த திரையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல துணி. இத வீட்டுல குடுத்துரு தம்பி, பந்திக்கு வேணும்" என்றார்.

கிடார்க்காரன் பயந்தபடி குழு முடிந்துபோகவில்லை. கொஞ்ச வருஷம் நன்றாகவே ஓடியது. பண்ணை வீடுகளில் மட்டும் கூப்பிடுவது நின்றது. அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. என்னிடம் இப்போதும் சிலர், திரைக்குப் பின்னால் இருந்தவரைக்கும்தான் அந்தப் பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்வார்கள். அவர்கள் திடலுக்கு வராதவர்கள்.

திடல் கச்சேரிக்கு மறுநாள் திங்கட்கிழமை, பாத்திரக்கடைக்காரர் ராத்திரியே போனில் சொல்லிவிட்டதால், மாப்பிள்ளை வீட்டார் நாகூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, பாய் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாள் குறித்துக்கொண்டு போனார்கள். நான் வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிணற்றில் மோட்டார் கழற்றிக்கொண்டிருந்தேன்.